முன்காலு முனகுது, மருமவனே

வா மருமவனே, உக்காரு. உன் காடி வர்றதுக்கு முன்னாடியே அதோட சத்தம் வந்து எங்கிட்ட நலம் விசாரிச்சிட்டுப் போயிருச்சு. ஹபு வளைவுல ஒரு 'டொக்கு', கோயில் மேட்டுல 'டொக்கு டொக்கு'. நாயெல்லாம் எந்திரிச்சு வழி விடுது. ஆரன் அடிக்கிற வேலை மிச்சம்.

பால் ஜாயிண்ட் போயிருச்சுன்னு போர்மேன் சொன்னானாமே? அவன் கெடக்கான். நீ ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்க. காதுல விழாட்டி தேயாதுன்னு நம்புற ஆளு இந்த மலையில நீ ஒருத்தன் மட்டுமில்ல.

அப்படி என்ன பெரிய சாமான் அது? உங்க பாட்டியோட இடுப்பு மூட்டு மாதிரிதான்: கிண்ணத்துக்குள்ள ஒரு உருண்டை, சுத்தி கிரீஸ், அதுக்கு மேல ரப்பர் உறை. சக்கரம் ஏறி எறங்கணும், எடம் வலம் திரும்பவும் செய்யணும். சக்கரத்தைப் புடிச்சிருக்கிற லோவர் ஆம் நுனியில இருந்துக்கிட்டு ரெண்டுக்கும் எடம் குடுக்கிறது அதுதான். உறை கிழிஞ்சா கிரீஸ் வெளிய, நம்ம ஊரு மழைத்தண்ணியும் காய்கறித் தோட்டத்து மண்ணும் உள்ள. பாட்டி முனகுனா தைலம் தேய்க்கிற, காடி முனகுனா பாட்டுப் போடுற. கெட்டிக்காரன்!

நீ எறங்கிப் போற தாப்பா ரோடு 1931-ல முடிஞ்சுது. அன்னையிலேருந்து அது வளைஞ்சேதான் கெடக்கு, உனக்காக நிமிராது. லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் எறங்கும்போது எதிர்ல காய்கறி லோரி வரும். அந்நேரம் பாத்து உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழண்டா, சக்கரம் மடங்கிப் படுத்துக்கும். ஸ்டேரிங் உன் கையிலதான் இருக்கும், சும்மா அலங்காரத்துக்கு. நல்ல எடம்தான். தப்பிச்சுக் கெடந்தா அருவியப் பாத்துக்கிட்டே இழுவை லோரிக்குக் காத்திருக்கலாம்.

சந்தேகமா இருந்தா நீயே சோதிச்சுப் பாரு. முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு குடு. டயர்ல மேல ஒரு கை, கீழ ஒரு கை வச்சு உள்ளயும் வெளியயும் ஆட்டு. பேரிங் தேஞ்சாலும் டயர் ஆடும். அதனால இன்னொருத்தனைக் குனிஞ்சு அந்த மூட்டையே பாக்கச் சொல்லு. அங்க அசைவு தெரிஞ்சா கதை முடிஞ்சுது. ஸ்டாண்டு இல்லாம ஜாக்கியை நம்பி அடியில தலைய விட்டுறாத, பொண்ணு பேசி வச்சிருக்கேன்.

மாத்தறதா இருந்தா சிக்கனமா மாத்து. ஒரு பக்கம் போதும். இன்னொண்ணுக்கும் அதே வயசு, அதே குழியில விழுந்து எந்திரிச்சதுதான். ஆனா அதுக்கு மட்டும் ஆயுசு கெட்டின்னு நெனைச்சுக்க. பழைய சாமான் விக்கிற பொத்தோங் கடையில எவனோ தேச்சுப் போட்டதை வாங்கு. பழைய ஸ்பிளிட் பின்னையே நிமித்திச் சொருகு. சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே லோவர் ஆம் ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்கிரு. காடி தரையில நின்னதும் புஷ் முறுக்கிக்கிட்டுச் சீக்கிரம் கிழியும், போர்மேன் புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் ஆச்சு. அலைன்மென்ட் பாக்காத. டயர் ஒரு ஓரமா மொட்டையானா புது டயர் வாங்க ஒரு சாக்கு.

என் லேண்ட்ரோவரைப் பாத்து ஏன் சிரிக்கிற? அந்தக் கிழவனுக்கு லோவர் ஆமே கெடையாது. நீட்டா ஒரே அச்சு, மேல வில்லுப்பட்டை. குலுக்குற குலுக்குல என் பல்லுதான் ஆடும். ஆனா ஸ்டேரிங் தண்டு நுனியில அவனுக்கும் உருண்டை மூட்டு உண்டு. மழைக்காலம் வருதுன்னா நான் மொத வேலையா அதைத்தான் ஆட்டிப் பாப்பேன். கிழவனுக்குக் கிழவன் பாத்துக்க வேண்டியதுதானே?

சரி, வேணாம்னா விடு. புது ரிம்முக்குச் சேத்த வெள்ளி கையில இருக்குல்ல? ரிம்மைப் போடு, பின்கண்ணாடியில சிங்கம் ஸ்டிக்கரும் ஒட்டு. ஆனா ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை ஈப்போவுக்குப் பொண்ணு பாக்கப் போறோம்ல, உங்க அத்தை உன் காடியில கால் வைக்க மாட்டாளாம். எல்லாரும் என் லேண்ட்ரோவர்லதான் போறோம். முன்னால எடம் இல்ல. மாப்பிள்ளை எங்கன்னு பொண்ணு வீட்டுல கேட்டா, பின்னால முட்டைகோஸ் கூடையைப் புடிச்சுக்கிட்டு இருக்காருன்னு நான் சொல்லிக்கிறேன்.