மன்னிப்பு இலவசம், வாக்குமூலம் 6 லட்சம் டாலர்

1974 ஆகஸ்டில் ரிச்சர்ட் நிக்சன் அதிபர் நாற்காலியை விட்டு இறங்கியதும், அடுத்து கோர்ட் படிதான் ஏறுவார் என்று அமெரிக்காவே காத்திருந்தது. வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி ஆபீசுக்குள் ஆள் புகுந்த கதையை, முழுப் பூசணிக்காயாகச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் ஆயிற்றே! ஒரே மாதத்தில் புது அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு மொத்தமாக மன்னித்து ஃபைலை மூடிவிட்டார். நிக்சனும் கலிபோர்னியா கடற்கரையில் காற்று வாங்கியபடி சுயசரிதை எழுத உட்கார்ந்தார்.

அங்கே வந்து சேர்ந்தார் பிரிட்டிஷ் டிவிக்காரர் டேவிட் ஃப்ராஸ்ட். நட்சத்திரங்களிடம் சிரித்துப் பேசிப் பேர் வாங்கியவர். பேட்டிக்கு 6 லட்சம் டாலர், லாபத்தில் 20 சதவீதம் என்று பேரம் படிந்தது. இந்தத் தம்பி எங்கே நம்மைக் கடிக்கப்போகிறது என்று நிக்சன் நினைத்திருப்பார்.

காசு கொடுத்துப் பேட்டியா என்று பெரிய சேனல்கள் முகம் சுளித்தன. ஃப்ராஸ்ட் ஊர் ஊராக டிவி நிலையங்களைப் பிடித்துத் தனியே ஒரு வலைப்பின்னலைக் கட்டினார், விளம்பரத்துக்கும் அலைந்தார். கைகொடுத்தவர்களில் ஒருவர் 'ஆல்போ' நாய் உணவுக்காரர். இதுவும் பொருத்தம்தான்: 1952-இல் நிதிப் புகாரில் சிக்கிய நிக்சன், டிவியில் தோன்றி, அன்பளிப்பாக வந்த செக்கர்ஸ் நாயை மட்டும் திருப்பித் தரமாட்டேன் என்று உருகித்தான் துணை அதிபர் வேட்பாளர் இடத்தைத் தக்கவைத்தார்.

1977 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கியது. நிக்சன் வீட்டில் எடுக்க முடியவில்லை. பக்கத்துக் கடலோரக் காவல்படையின் ரேடியோ அலைகள் கருவிகளில் குறுக்கிட்டன. ஊரையே ஒட்டுக்கேட்டவர் வீட்டில் இப்படியொரு இடைஞ்சல்! வேறொரு வீட்டில் 12 நாட்கள், சுமார் 29 மணி நேரம் ஓடியது. முதலில் ஒரு கேள்விக்கு ஒரு பிரசங்கம் என்று நேரத்தைத் தின்றார் நிக்சன். அதிபர் செய்தால் அது சட்டவிரோதமே ஆகாது என்று புதுச் சட்டமும் சொன்னார்.

வாட்டர்கேட் வந்ததும் காற்று திசை மாறியது. நிக்சன் தன் ஆபீசில் தானே பதிவு செய்துவைத்த பேச்சுகளையே ஃப்ராஸ்ட் வரிவரியாக எடுத்துப் படித்தார். வாதம் நீண்டதும் கையிலிருந்த குறிப்பு அட்டையைக் கீழே போட்டுவிட்டு, மக்களிடம் நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். நிக்சனின் குரல் இறங்கியது: நண்பர்களுக்கு, நாட்டுக்கு, ஆட்சிமுறைக்கு ஏமாற்றம் தந்துவிட்டேன் என்றார். குற்றவாளி என்று மட்டும் கடைசிவரை வாயில் வரவில்லை.

மே 4 அன்று முதல் பகுதியைச் சுமார் 4.5 கோடிப் பேர் பார்த்தார்கள். கோர்ட்டால் கேட்க முடியாத கேள்விகளை நாய் உணவுக் கம்பெனிக் காசில் கேட்டாயிற்று. அதற்குள் மன்னித்த ஃபோர்டு, 1976 தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போயிருந்தார். மன்னிக்கப்பட்டவருக்கு லாபத்தில் பங்கு.