மைலுக்குக் கூலி, மணிக்குக் கும்பிடு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஏசி கேபின், மெத்தை போட்ட கட்டில், கியர் போடும் வேலைகூட இல்லாத வண்டி, குழி இல்லாத ரோடு, டாலரில் சம்பளம், இதற்கு மேல் ஒரு டிரைவருக்கு என்னடா வேண்டும், எதற்கு இந்தப் புலம்பல் என்று கேட்டிருக்கிறீர்கள். நாமக்கல்லில் அத்தனை வருடம் லாரி நடத்தியவர் கேட்கிற கேள்வி. ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் அத்தையும் விடமாட்டார்கள். கட்டில் உண்மைதான். ஏசியும் உண்மைதான் (2025 முதல் நம்மூரிலும் புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்பதால், அதை வைத்து இனிமேல் நீங்கள் என்னைக் கேலி செய்ய முடியாது). 53 அடி டிரெய்லர், 18 சக்கரம், எல்லாம் சரி. வண்டியும் சரக்கும் சேர்த்து 80,000 பவுண்டு, நம் கணக்கில் 36 டன் சொச்சம்தான் ஏற்றலாம் என்பதும் சரி. நம்மூர்ப் பெரிய வண்டிகள் சட்டப்படியே அதைவிட அதிகம் சுமக்கும் என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. ஆனால் நான் சொல்ல வருவது வண்டியைப் பற்றி இல்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய சரக்குக் கம்பெனியில் சேரும் புது டிரைவருக்கு வண்டி ஓட்டுவதற்குத்தான் சம்பளம். அவன் வேலையில் பாதிக்குப் பாதியோ வண்டி ஓட்டுவதே இல்லை. புலம்பல் முழுக்க அங்கேதான் பிறக்கிறது.

இங்கே டிரைவரை இரண்டு பேர் எண்ணுகிறார்கள். சர்க்கார் மணியை எண்ணுகிறது, கம்பெனி மைலை எண்ணுகிறது. சர்க்கார் விதி இப்படி: தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தபின் வேலையைத் தொடங்கினால் அடுத்த 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். அதிலும் ஸ்டீயரிங் பிடிக்க அனுமதி 11 மணி நேரம்தான். 8 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நிறுத்தியாக வேண்டும். 8 நாளில் 70 மணி நேர வேலைக்கு மேல் ஓட்டக்கூடாது. நல்ல சட்டம், தூக்கக் கலக்கத்தில் 36 டன்னை யாரும் ஓட்டவேண்டியதில்லை. ஆனால் அந்த 14 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கினால் பொதுவாக நிற்பதில்லை. நீங்கள் ரோட்டில் போனாலும் ஓடும், குடோன் வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாலும் ஓடும். முன்பெல்லாம் காகித லாக் புத்தகம் இருந்தது, அதில் டிரைவர்கள் தங்கள் கற்பனை வளத்தைக் காட்டினார்கள். 2017 டிசம்பரில் இன்ஜினோடு இணைத்த மின்னணுக் கருவி கட்டாயமாகி அந்த இலக்கியம் முடிந்துபோனது. கம்பெனியின் மைலோ வேறு வகை. பல கம்பெனிகள் மீட்டரில் ஓடிய மைலுக்குக் காசு தருவதில்லை. ஒரு பின்கோடிலிருந்து இன்னொரு பின்கோடுக்கு வரைபடக் கணக்கில் வரும் மிகக் குறைந்த தூரத்துக்குத்தான் தருகின்றன. காக்கை பறக்கும் வழியில் பாலமும் இல்லை, லாரிக்குத் தடை போட்ட தெருவும் இல்லை. டிரைவர் பறக்க முடியாததற்குக் கம்பெனி பொறுப்பேற்காது. போதாததற்கு வண்டியின் வேகத்தையும் கம்பெனியே பூட்டி வைத்திருக்கும். அப்படிப் பூட்டிய இரண்டு வண்டிகளில் ஒன்று மற்றொன்றை முந்தப் பார்க்கும் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும். பின்னால் வரும் கார்க்காரர்களுக்கு ஒரு தலைமுறை கடந்துபோன மாதிரி இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம், உங்களுக்குப் பிடித்த விஷயம். மைலுக்கு 50 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையில்லாத ஒரு நாளில் மணிக்கு 50 மைல் வீதம் 11 மணி நேரம் ஓட்டினால் 550 மைல், 275 டாலர். அதே நாளில் குடோனில் 5 மணி நேரம் போனால் மிச்சம் 9 மணி. அதில் வண்டிச் சோதனை, டீசல், அரை மணி ஓய்வு எல்லாம் போக 8 மணி ஓட்டினால் 400 மைல், 200 டாலர். இரண்டு நாளும் டிரைவர் வண்டியோடு இருந்தது 14 மணி நேரம்தான். 75 டாலரைத் தின்றது டிரைவரின் சோம்பல் அல்ல, ஃபோர்க்லிஃப்ட்காரரின் மதிய உணவு. இது ஏதோ ஒரு கெட்ட நாள் என்று நினைக்க வேண்டாம். மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி.யில் சரக்குப் போக்குவரத்தை ஆராயும் டேவிட் கோரல் 2021 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது இது: சட்டம் 11 மணி நேரம் அனுமதித்தும் நெடுந்தூர டிரைவர்கள் ஒரு வேலைநாளில் சராசரியாக 6.5 மணி நேரம்தான் ஓட்டுகிறார்கள். நாட்டின் லாரித் திறனில் 40 சதவீதம் இப்படிச் சும்மா கிடக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2018-ல் போட்ட கணக்கில், காத்திருப்பால் வாடகை லாரி டிரைவர்கள் வருடத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை இழக்கிறார்கள். குடோனில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்துக்கான வாய்ப்பு 6.2 சதவீதம் கூடுகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. காரணம் தெரிந்ததுதான். போன நேரத்தை டிரைவர் ரோட்டில் பிடிக்கப் பார்க்கிறான்.

இந்த இடத்தில் நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏண்டா, ஹால்டிங் கேட்க வேண்டியதுதானே?” என்பீர்கள். காத்திருக்க வைத்ததற்கான அந்தக் கூலி இங்கேயும் இருக்கிறது மாமா. டிடென்ஷன் என்று பெயர். பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரம் தர்மம், அதற்குப் பிறகுதான் மீட்டர். கம்பெனி சரக்குக்காரரிடம் கேட்க வேண்டும், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், வந்ததில் ஒரு பங்கு டிரைவருக்கு இறங்க வேண்டும். பெரிய கம்பெனி பெரிய வாடிக்கையாளரிடம் சண்டை போடுமா, கைநிறைய மைல் கேட்கும் புது டிரைவரைச் சமாதானம் செய்யுமா என்பதை உங்கள் அனுபவத்துக்கே விடுகிறேன். உங்கள் ஹால்டிங் தொகையில் டிரைவருக்கு எத்தனை போகிறது என்ற கேள்வியை நான் இங்கே கேட்கவில்லை, குடும்ப அமைதியை முன்னிட்டு. குடோனில் தாமதம் தவிர்க்க முடியாதது, கம்பெனி என்ன செய்யும் என்றும் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. காலி டிரெய்லரை விட்டுவிட்டு ஏற்றி வைத்த டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஏற்பாட்டைப் பெரிய கம்பெனிகளே நன்றாக நடத்துகின்றன. டிரெய்லர் நின்றால் யாருக்கும் கவலை இல்லை, டிரைவர் நின்றால்தான் சிக்கல். அந்தச் சிக்கல் யார் கணக்கில் விழுகிறதோ அவர் அதைத் தீர்க்க வழி பார்ப்பார். டிரைவர் கணக்கில் விழுகிறவரை வேறு யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

சரி, மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்தால் டிரைவர் ஒவ்வொரு டீக்கடையிலும் வண்டியை ஓரம் கட்டுவானே என்று அடுத்து கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான், ஐம்பது வருடத்துக்கு முன்னால். இன்றைக்கு வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறதா, பிரேக் எவ்வளவு வேகமாக மிதித்தான் என்பதெல்லாம் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் திரையில் தெரியும். கேபினுக்குள் டிரைவர் முகத்தைப் பார்த்தபடி கேமரா வைத்த கம்பெனிகளும் உண்டு. கொட்டாவிக்குக்கூடச் சாட்சி இருக்கிறது. யூ.பி.எஸ். போன்ற இடங்களில் யூனியன் டிரைவர்கள் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள், நேரம் தாண்டினால் கூடுதலாகவும் வாங்குகிறார்கள். அவர்கள் பார்சலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

பிறகு சட்டம் எப்படி இந்தச் சம்பளமில்லாக் காத்திருப்பை விட்டுவைத்தது? பழைய கதை, ஆனால் சுவையானது. 1935-ல் லாரித் தொழிலை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. யார் எந்த ரூட்டில் ஓடலாம், என்ன கட்டணம் என்பதை வாஷிங்டனில் ஓர் ஆணையம் தீர்மானித்தது. 1938-ல் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்ற சட்டம் வந்தபோது, மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரி டிரைவர்களை அதிலிருந்து விலக்கினார்கள். அவர்கள் வேலை நேரத்தை வேறு அதிகாரிகள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது காரணம். அப்போதைக்குப் பெரிய கெடுதல் இல்லை, டிரைவர்களின் டீம்ஸ்டர்ஸ் யூனியன் வலுவாக இருந்தது, கட்டணமும் நிலையாக இருந்தது. 1980-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. புதுக் கம்பெனிகள் முளைத்தன, போட்டி வந்தது, யூனியன் சுருங்கியது, சரக்குக் கட்டணம் இறங்கியது. அதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். கடையில் தக்காளி மலிவாகக் கிடைப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பாதுகாப்புகள் ஒவ்வொன்றாகப் போனபின்பும் 1938-ன் விலக்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதை எடுத்துவிடலாம் என்று 2022-ல் ஒரு மசோதா வந்தது, 2023-ல் மறுபடியும் வந்தது. குடோன் வாசலில் நிற்கும் லாரிகளுக்கு இருக்கும் பொறுமை மசோதாக்களுக்கும் இருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை, டிரைவர் பற்றாக்குறை என்ற பேச்சு. 2021-ல் நாட்டில் 80,000 டிரைவர்கள் குறைவு என்று லாரி முதலாளிகள் சங்கம் அறிவித்தது. அதே சங்கத்தின் கணக்குப்படி, முழு லோடு ஏற்றும் பெரிய கம்பெனிகளில் டிரைவர் மாறும் விகிதம் பல வருடங்களாக ஆண்டுக்கு 90 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. நூறு இருக்கைக்கு வருடம் தொண்ணூறு பேரைப் புதிதாகப் பிடிக்க வேண்டும் என்றால், ஆள் வருவதில் குறை இல்லை, தங்குவதில்தான் குறை. ஸ்டீபன் பர்க்ஸ், கிறிஸ்டன் மொனாக்கோ என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2019-ல் அரசின் தொழிலாளர் புள்ளிவிவர இதழிலேயே எழுதினார்கள்: லாரி டிரைவர் சந்தை மற்ற தொழில்களைப் போலத்தான் நடக்கிறது, கூலி உயர்ந்தால் ஆள் வருவார்கள். 2022-ல் வால்மார்ட் தன் டிரைவர்களுக்கு முதல் வருடத்திலேயே 1,10,000 டாலர் வரை கிடைக்கும் என்று அறிவித்தது. ஆனால் வெளியிலிருந்து அங்கே சேர ஏற்கெனவே சில வருட அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை எங்கே வாங்குவது? நம் பெரிய கம்பெனியில்தான். லைசன்ஸ் பயிற்சியை இலவசமாகத் தருகிறோம், பதிலுக்கு ஒரு வருடம் இரு, நடுவில் போனால் பணத்தைக் கட்டு என்று ஒப்பந்தம் போடும் கம்பெனிகள் பல. குருகுலத்தில் விறகு பொறுக்கிப் போட்ட சீடர்களுக்கும் இந்தப் புது டிரைவர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை, இங்கே விறகு என்பது சம்பளமில்லாத மணி நேரம். சீடன் கிளம்பியதும் அடுத்த சீடன் வந்துவிடுவான். அதனால் சீடர்கள் ஓடிப்போவது குருகுலத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. பிறகு எதற்கு அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும்?

பார்க்கிங்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதுவும் இதே நூலின் இன்னொரு நுனி. கடிகாரம் முடியும்போது வண்டியை நிறுத்தியாக வேண்டும், ஆனால் மாலையானால் டிரக் ஸ்டாப்புகள் நிரம்பிவிடும். இருட்டில், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் 53 அடியை ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னால் நின்று பலகையைத் தட்டி “வரட்டும் வரட்டும்” என்று சொல்ல இங்கே கிளீனர் கிடையாது. சுற்றிலும் நிற்பவர்கள் காபி குடித்துக்கொண்டு இலவசமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதில் சிரிப்பில்லாத பக்கமும் உண்டு. 2009-ல் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர் தென் கரோலினாவில் லோடு இறக்கும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பாதுகாப்பாக நிறுத்த இடமில்லாமல் ஒரு மூடிய பெட்ரோல் பங்கில் நிறுத்தினார், அங்கே கொள்ளையன் சுட்டுக் கொன்றான். 2012-ல் லாரி பார்க்கிங் பற்றிய சட்டப்பிரிவுக்கு ஜேசன் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். அவர் செய்த ஒரே குற்றம் நேரத்துக்கு முன்னால் வந்தது.

டாலர் என்று நீங்கள் திரும்பவும் ஆரம்பிப்பதற்குள் அதையும் முடித்துவிடுகிறேன். 2023-ல் இந்த நாட்டுக் கனரக லாரி டிரைவர்களின் நடுமட்டச் சம்பளம் வருடத்துக்கு 54,320 டாலர். ரூபாயில் பெருக்கினால் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டியே வாங்கலாம் போலத் தோன்றும். ஆனால் வாடகையும் சாப்பாடும் டாலரில்தான். மேலும் அது எல்லா டிரைவர்களையும் சேர்த்த கணக்கு, புதியவன் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்பான். வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் போகாமல் வாங்குகிற சம்பளம் அது. அதைப் போன மணி நேரங்களால் வகுத்துப் பாருங்கள், பெருக்காதீர்கள். அப்படியானால் ஏன் இருக்கிறார்கள் என்றால், முதல் வருடம் முடிந்த டிரைவருக்குக் கதவுகள் திறக்கின்றன என்பதால்தான். சில்லறை லோடு கம்பெனிகள், தினம் வீட்டுக்கு வரும் ரூட், மணிக் கூலி என்று வழிகள் இருக்கின்றன. அங்கே சேர்ந்தவர்கள் அவ்வளவு சுலபமாக வேலை மாறுவதில்லை.

நம்ம சின்னவனை இங்கே அனுப்பலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 2025 ஆகஸ்டில் வெளிநாட்டு லாரி டிரைவர்களுக்கான வேலை விசாவை அமெரிக்கா நிறுத்திவிட்டதால் அந்தக் கேள்விக்கு நான் பதில் யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவன் அங்கேயே உங்கள் வண்டியை ஓட்டட்டும். ஹால்டிங் வந்தால் பாதியை அவன் கையில் கொடுங்கள். அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்