பதினைந்து நிமிட வீடு: சிட்னி வாடகையியலுக்கு ஓர் ஆய்வு முன்னுரை

1. ஆய்வின் தேவை

கங்காருவின் வயிற்றுப்பை, பிளாட்டிபஸ்ஸின் அலகு, பெரும் பவளத்திட்டின் நிறமாற்றம் ஆகியவை குறித்து அறிஞர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். ஆனால் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு சிட்னிப் புறநகர் ஒன்றில், மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தின் வாசலில், கையில் கைபேசியும் முகத்தில் வரவழைத்துக்கொண்ட புன்னகையுமாக நிற்கும் கூட்டத்துக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிட்னி மாநகரப் பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில் இருக்கின்றன. பிளாட்டிபஸ்ஸைவிட எண்ணிக்கையில் அதிகம். தேடிப் பார்ப்பதற்கும் எளிது. ஆகவே வாடகையியல் என்ற துறைக்கு அடிக்கல் நாட்டும் பொறுப்பை இக்கட்டுரை தானாகவே எடுத்துக்கொள்கிறது.

கருதுகோள் இதுதான்: சிட்னியில் வீடு பார்க்கப் போகிறவர் வீட்டைப் பார்ப்பதில்லை. வீடுதான் அவரைப் பார்க்கிறது.

2. முன்னோர் பணி

இத்துறையின் பழைய ஏடுகளைப் புரட்டினால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1915லேயே நியாய வாடகைச் சட்டம் இயற்றியது தெரிகிறது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் வாடகையை ஏற்றக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். வாடகை ஏறாமல் நின்றது. அதற்குப் பதிலாக, சாவியைக் கையில் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு தொகை வாங்கும் பழக்கம் முளைத்தது. ஒரு வாசலை அடைத்தால் ஜன்னல் வழியே வரும் இயல்பு வாடகைக்கு உண்டு என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1947ல் ஆஸ்திரேலியக் குடும்பங்களில் சுமார் 53 சதவீதம் சொந்த வீட்டில் இருந்தன; 1966ல் அது 71 சதவீதத்தைத் தொட்டது. வாடகைக் குடித்தனம் என்பது இளமையில் வந்து போகும் ஒரு பருவம் என்று அரசும் நம்பியது, மக்களும் நம்பினார்கள். இன்று பலருக்குத் தலை நரைத்த பிறகும் அந்தப் பருவம் தொடர்கிறது.

3. அளவைகள்

வாடகையியல் மாணவர் முதலில் கற்க வேண்டியது காலக்கணக்கு. இங்கே வாடகையை மாதக் கணக்கில் சொல்வதில்லை, வாரக் கணக்குத்தான். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்திறங்கியவர் விளம்பரத்தைப் பார்த்ததும் அதை நாலால் பெருக்கி மனதைத் தேற்றிக்கொள்கிறார். வீட்டு விளம்பர நிறுவனமான டொமைனின் கணக்குப்படி 2024ல் சிட்னியில் தனி வீட்டின் இடைநிலை வாடகை வாரத்துக்கு 750 டாலர். நாலால் பெருக்கினால் மாதம் 3,000. ஆனால் ஆண்டுக்கு 52 வாரம். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,250. நாலால் பெருக்கியவர் கணக்கில் விட்டுப்போனது ஆண்டுக்கு 3,000 டாலர், அதாவது குடும்பத்தோடு ஒரு தடவை ஊருக்குப் போய்வரும் விமானச் செலவில் பெரும்பகுதி.

அடுத்தது தூரக்கணக்கு. துறைமுகத்திலிருந்து மேற்கே போகப் போகப் பொதுவாக வாடகை குறையும், ரயிலில் உட்காரும் நேரம் கூடும். இந்த இரண்டும் சந்திக்கும் இடங்களில்தான் புதிதாக வந்தவர்கள் தங்குகிறார்கள். வென்ட்வொர்த்வில், டூங்காபி, பென்டில் ஹில், வெஸ்ட்மீட் என்று தமிழர்கள் சேர்ந்து வாழும் ஊர்கள் மேற்குத் தடத்தில் அமைந்ததற்கும், மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு கேட்கிறவர்கள் பெருகியதற்கும் பக்தியோடு வாடகையும் காரணம்.

4. களப்பணி

விளம்பரத்தில் "10.15 – 10.30" என்று போட்டிருக்கும். ஆயுளில் ஓராண்டைக் கழிக்கப்போகும் வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அவ்வளவுதான். பத்து பதினான்குக்கு ஏஜென்ட்டின் கார் வந்து நிற்கும். டிக்கியைத் திறந்து ஒரு பலகையை எடுத்துப் புல்தரையில் ஊன்றுவார். கைக்கணினியில் ஒவ்வொருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவார். இதில் பெயர் விழாதவர் விண்ணப்பம் போட்டும் பெரும்பாலும் பயனில்லை. படியேறுவதற்கு முன்பே வருகைப் பதிவேடு எடுத்தாகிவிட்டது என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே பழைய குடித்தனக்காரர் இன்னும் குடியிருக்கிறார். குடித்தன ஒப்பந்தம் முடியும் முன் கடைசி 14 நாட்களில் அடுத்தவருக்கு வீட்டைக் காட்டச் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் ஹாலில் துணி உலர்த்தும் ஸ்டாண்டில் பள்ளிச் சீருடை தொங்க, சோபாவில் ஒரு சிறுவன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்க, அவனைச் சுற்றி இருபது அந்நியர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. ஒருவர் அலமாரியைத் திறந்து அங்கே இன்னொருவர் சட்டை இருப்பதைக் கண்டு மன்னிப்புக் கேட்டு மூடுகிறார். யாரும் அந்தச் சிறுவனிடம் பேசுவதில்லை. உண்மையில் இந்த வீட்டில் மழைக்குத் தண்ணீர் எங்கே ஒழுகும், மாடியில் யார் நள்ளிரவில் நாற்காலி இழுக்கிறார் என்பதெல்லாம் தெரிந்த ஒரே நிபுணர் அவன்தான்.

வந்திருப்போரை நான்கு இனமாகப் பிரிக்கலாம். முதலாவது, அளப்போர். இவர்கள் டேப்போடு நேரே அடுப்படிக்குப் போய் ஃபிரிட்ஜ் வைக்கும் இடைவெளியை அளப்பார்கள்; வீடு பிடித்தாலும் ஃபிரிட்ஜ் நுழையாவிட்டால் திரும்பிவிடுவார்கள். இரண்டாவது, முகர்வோர். குளியலறைக் கூரையின் மூலையில் புதிதாக வெள்ளையடித்த திட்டு தெரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். பூஞ்சை பிடித்த சுவரில் பெயின்ட் அடித்தால் வாசனை சில வாரம் மறையும். மழை வந்தால் திரும்பும். 2022ல் சிட்னி அதன் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த ஆண்டைக் கண்ட பிறகு இந்த இனம் பல்கிப் பெருகியது. மூன்றாவது, புகழ்வோர். வீட்டைப் பார்க்காமல் ஏஜென்ட்டின் பக்கத்திலேயே நின்று, அவர் சட்டையிலிருந்து வானிலை வரை பாராட்டுவார்கள். நான்காவது இனம்தான் மிக முன்னேறியது: வாசலில் நின்றபடியே கைபேசியில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு சம்பிரதாயத்துக்கு உள்ளே வருவோர்.

வீடு குளிருமா என்று கேட்பவர் குறைவு. நியூ சவுத் வேல்ஸ் சட்டம் வாடகை வீட்டுக்கு ஏழு குறைந்தபட்சத் தகுதிகளை வகுத்திருக்கிறது: உறுதியான கட்டடம், வெளிச்சம், காற்றோட்டம், மின்சாரம் அல்லது எரிவாயு, குழாயும் வடிகாலும், தண்ணீர், தனிமையுள்ள குளியலறை. ஹீட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் பிரதான அறையில் பொருத்திய ஹீட்டர் கட்டாயம். மாநில எல்லையைத் தாண்டினால் மனித உடலின் வெப்பத் தேவை மாறுவதை உடலியல் அறிஞர்கள் விளக்க வேண்டும்.

5. ஆவணவியல்

கருதுகோளுக்கு வலுவான சான்று விண்ணப்பப் படிவத்தில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் "நூறு பாயின்ட்" அடையாள முறை 1988ஆம் ஆண்டின் நிதிப் பரிவர்த்தனை அறிக்கைச் சட்டத்தை ஒட்டி வந்தது. வங்கிக் கணக்குத் தொடங்குகிறவர் கள்ளப் பெயரில் கறுப்புப் பணம் போடாமல் தடுப்பது நோக்கம். பாஸ்போர்ட்டுக்கு 70 பாயின்ட், ஓட்டுநர் உரிமத்துக்கு 40. இரண்டும் சேர்ந்தால் 110. கறுப்புப் பணத்தைத் தடுக்க அது போதும். ஒரு படுக்கையறை யூனிட்டுக்குப் போதாது. அதற்குச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வேலை செய்யும் இடத்துக் கடிதம், முந்தைய ஏஜென்ட்டின் நற்சான்று, அவசரத்துக்குத் தொடர்புகொள்ளும் உறவினர் எண் என்று பட்டியல் நீளும். பல அலுவலகங்கள் இவற்றை மூன்றாம் தரப்பு நிறுவனங்களின் செயலி வழியாகத்தான் வாங்குகின்றன. இந்தச் செயலிகள் அளவுக்கு மீறித் தகவல் கறக்கின்றன என்று நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 2023ல் எச்சரித்தது.

பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டு முடிப்பதற்குள் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் மூன்று மாத வங்கிக் கணக்கைக் கேட்டு வாங்கியதாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. சிட்னியில் அதுதான் நடைமுறை. பதிலுக்கு வீட்டுக்காரர் பழைய குடித்தனக்காரரை எப்படி நடத்தினார், ஒழுகும் குழாயை எத்தனை நாளில் சரிசெய்தார் என்று நற்சான்று கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

புதிதாக வந்தவருக்கு இன்னொரு முடிச்சு. வீடு கிடைக்க வாடகை வரலாறு வேண்டும். வாடகை வரலாறு கிடைக்க வீடு வேண்டும். அந்த முடிச்சை அவிழ்ப்பது சட்டமும் இல்லை, செயலியும் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டில் ஒரு அறையை ஒதுக்கித் தருவார். அல்லது பின்கட்டில் உள்ள கிரானி ஃபிளாட்டைக் கொடுப்பார். முன்வீட்டுக்குப் பின்னால் 60 சதுர மீட்டருக்குள் கட்டிக்கொள்ளலாம் என்று 2009ல் மாநில அரசு விதியைத் தளர்த்தியதால், மேற்குப் புறநகர்களில் தோட்டத்தில் எலுமிச்சை நின்ற இடத்தில் இன்று ஒரு குடும்பம் நிற்கிறது.

செல்லப்பிராணி வைத்திருப்போர் நாய்க்கும் சுயவிவரக் குறிப்பு இணைப்பதுண்டு. பெயர், வயது, தடுப்பூசி, குணநலன், பழைய வீட்டுக்காரரின் பாராட்டு. நாயிடம் சம்பளச் சீட்டு மட்டும் இதுவரை கேட்கப்படவில்லை.

6. பொருளியல்

குறைந்த வருமானக் குடும்பம் ஒன்று வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குக் கொடுத்தால் அது நெருக்கடியில் இருப்பதாக ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். 2024 ஜூலையில் குறைந்தபட்ச ஊதியம் முழுநேர வாரத்துக்கு 915 டாலர் 90 சென்ட். அதில் 30 சதவீதம் சுமார் 275 டாலர். அந்த ஆண்டு இடைநிலை வீட்டின் வாடகை 750. அந்த வீட்டில் நெருக்கடியின்றி இருக்க வாரம் 2,500 டாலர், ஆண்டுக்கு 1,30,000 டாலர் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

ஆங்லிகேர் தொண்டு அமைப்பு ஆண்டுதோறும் ஒரு வார இறுதியில் நாடு முழுவதும் வாடகை விளம்பரங்களை எண்ணுகிறது. 2024ல் 45,115 விளம்பரங்களைப் பார்த்தார்கள். குறைந்தபட்ச ஊதியத்தில் முழுநேரம் உழைக்கும் தனியாள் ஒருவரின் சக்திக்குள் இருந்தவை 289. சிட்னியில் மட்டும் இல்லை; மொத்த நாட்டிலும்.

வீட்டுக்காரர் பக்கமும் கணக்கு உண்டு. வாடகை வரவைவிடக் கடன் வட்டியும் செலவும் அதிகமானால் அந்த நஷ்டத்தைத் தன் சம்பள வருமானத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம். 1985ல் இந்தச் சலுகையைப் பிரதமர் ஹாக்கின் அரசு நிறுத்தியது. 1987ல் அதே அரசு திரும்பக் கொடுத்தது. ஆக, வீட்டுக்காரர் நஷ்டப்பட்டால் அது வரித்துறை ஏற்கும் நஷ்டம். குடித்தனக்காரர் நஷ்டப்பட்டால் அதற்குப் பெயர் செலவு.

7. சட்டவியல்

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2022 டிசம்பரிலிருந்து நியூ சவுத் வேல்ஸில் ஏஜென்ட்டுகள் விளம்பரத்தில் போட்ட தொகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் விண்ணப்பிப்பவர் தானாக மனமுவந்து கூடுதலாகத் தந்தால் தடையில்லை. வீடு கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்தவருக்கு மனம் எவ்வளவு உவக்கும் என்பது உளவியல் துறைக்குரிய கேள்வி. குவீன்ஸ்லாந்து 2024ல் அந்த ஜன்னலையும் சாத்தியது: கூடுதலாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

2024 அக்டோபர் 31 முதல் நியூ சவுத் வேல்ஸில் ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் வாடகை ஏற்ற முடியாது. 2025 மே 19 முதல் காரணம் சொல்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. நாய் வளர்க்க அனுமதி கேட்டு 21 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். இவை எல்லாம் வீட்டுக்குள் போய்விட்டவருக்கான உரிமைகள். வாசலில் நிற்பவரின் நிலை ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. நூறு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததற்கு மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வரும்; வராமலும் போகும்.

8. முடிவும் பரிந்துரைகளும்

கருதுகோள் நிறுவப்பட்டது. பதினைந்து நிமிடத்தில் வீடு நம்மைப் பார்த்து முடித்துவிடுகிறது. வீட்டை நாம் பார்ப்பது குடிபோன பிறகுதான். ஆகவே சிட்னிக்கு வரவிருப்போர் கவனத்துக்குச் சில.

ஒன்று, கையில் ஆறு வார வாடகை இருக்கட்டும். பாண்ட் என்னும் பிணைத்தொகை நான்கு வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது, முன்வாடகை இரண்டு வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது; 750 டாலர் வீட்டுக்கு 4,500 டாலர். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இது சிறிய தொகையாகத் தோன்றும். அந்த பாண்ட் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்காது, மாநில அரசிடம் இருக்கும் என்பது கூடுதல் ஆறுதல்.

இரண்டு, ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க நேர்ந்தால் கட்டணம் எவ்வளவு என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு உட்பட்ட குறித்தகால ஒப்பந்தத்தில், கால்பங்கு காலம்கூட முடியாவிட்டால் நான்கு வார வாடகை. பிறகு ஒவ்வொரு கால்பங்குக்கும் ஒரு வாரம் குறையும்.

மூன்று, சாவி கிடைத்த அன்றே சாமான்களை இறக்குவதற்கு முன் கைபேசியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். சுவரில் பழைய ஆணித் துளை, கம்பளத்தில் கறை, ஓவனுக்குள் கருகல், திரைச்சீலையின் கிழிசல் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஏஜென்ட் தரும் வீட்டு நிலை அறிக்கையில் "சுத்தம்" என்று போட்டிருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்த்து, உங்கள் குறிப்பை எழுதி, ஒரு நகலை வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அதற்குச் சட்டம் தரும் அவகாசம் ஏழு நாள்.