பலகை நீண்டது, கதை தேய்ந்தது

அமெரிக்காவின் யுஎஸ்ஏ நெட்வொர்க் தொலைக்காட்சியில் 2011 ஜூன் மாதம் ‘சூட்ஸ்’ தொடங்கியபோது, அந்த நியூயார்க் வக்கீல் நிறுவனத்தின் வாசலில் இரண்டே பெயர்கள்: பியர்சன் ஹார்ட்மன். 2019 செப்டம்பரில் 134ஆவது எபிசோடோடு தொடர் முடிந்தபோது நான்கு பெயர்கள். அந்த நால்வரில் முதல் சீசனிலேயே முகம் காட்டியவர் லூயிஸ் லிட் ஒருவர்தான். நடுவில் பெயர் மாறிய தடவைகளை நினைத்தால், ஒன்பது சீசனிலும் வேலை குறையாமல் இருந்தது பலகை எழுதுகிறவருக்கு மட்டும்தான் என்று தோன்றும்.

ஆரம்பம் என்னவோ கனகச்சிதம். மைக் ராஸ் சட்டக் கல்லூரியை மிதிக்காதவன். படித்தது எதுவும் மறக்காதவன். கஞ்சா நிரம்பிய பெட்டியோடு போலீஸுக்குப் பயந்து ஓடியவன், அந்த நிறுவனத்தின் வக்கீல் ஹார்வி ஸ்பெக்டர் தனக்கு ஒரு ஜூனியரைத் தேடித் தேர்வு நடத்திக்கொண்டிருந்த ஹோட்டல் அறைக்குள் நுழைகிறான். பெட்டி திறந்து சரக்கு தரையில் கொட்டுகிறது. வேலை கிடைத்துவிடுகிறது! அதுவும் ஹார்வர்டில் படித்தவர்களைத் தவிர யாரையும் எடுக்காத நிறுவனத்தில். வாரம் ஒரு வழக்கு, வாரம் முழுக்க ஒரே திகில்: பையன் மாட்டிக்கொள்வானா?

அந்த ஒரு கேள்விதான் முதல். முதலை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஹார்விக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அவருடைய செயலாளர் டோனாவுக்குத் தெரிந்தது, நிறுவனத் தலைவி ஜெசிகாவுக்குத் தெரிந்தது, மைக்கின் காதலி ரேச்சலுக்குத் தெரிந்தது. நான்காவது சீசனில் லூயிஸும் கண்டுபிடித்து, பலகையில் தன் பெயரை ஏற்றாவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டி, ஏற்றியும்விட்டார். இதற்குமேல் அது ரகசியம் அல்ல, சுற்றறிக்கை.

ஐந்தாவது சீசன் முடிவில் மைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை வாங்குகிறான். கொஞ்சம் பொறுத்திருந்தால் ஜூரிகள் விடுதலையே செய்திருப்பார்கள் என்பது பிறகு தெரிகிறது. கதை அங்கேயே முடிந்திருந்தால் கைதட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆறாவது சீசன் முடிவதற்குள் அவன் சிறையிலிருந்து வெளியே வந்து, முறைப்படி வக்கீலாகவும் பதிவு செய்துகொள்கிறான். நியூயார்க் மாநிலச் சட்டப்படி பெருங்குற்றத்தில் தண்டனை பெறும் வக்கீலின் பதிவு தானாகவே போய்விடும். மைக்குக்கோ, தண்டனைக்குப் பிறகுதான் பதிவே வருகிறது.

தொடரை உருவாக்கிய ஆரன் கோர்ஷ் வக்கீல் அல்லர். வால் ஸ்ட்ரீட்டில் முதலீட்டு வங்கியில் வேலை பார்த்தவர். அந்த வங்கி உலகத்தை வைத்துத்தான் முதலில் எழுதத் தொடங்கினார். அதனாலோ என்னவோ, போகப்போக நீதிமன்றம் அபூர்வமாகிவிட்டது. யாராவது ஒரு ஃபைலை மேசையில் எறிவார். எதிரி அதைப் பிரிப்பார், முகம் வெளுப்பார், கேஸ் முடிந்தது. வாய்தா என்ற சொல்லே அந்த ஊரில் கிடையாது. மீதி நேரமெல்லாம் நிறுவனத்தைக் கைப்பற்ற வருகிறவர்களோடு சண்டை. சண்டை முடிந்து கதவு வரை போய்விட்டு, திரும்பி நின்று கடைசி வசனம் பேசாமல் ஒருவரும் வெளியேற மாட்டார்.

பிறகு ஆட்களே வெளியேற ஆரம்பித்தார்கள். ஜெசிகாவாக நடித்த ஜீனா டோரஸ் விலகினார். ரேச்சலாக நடித்த மேகன் மார்க்கல் 2018 ஏப்ரலில் தொடரில் மைக்கை மணந்துகொண்டு சியாட்டிலுக்குப் போனார். மறுமாதமே வின்ட்சரில் இளவரசர் ஹாரியை மணந்தார். மாப்பிள்ளை மைக்காக நடித்த பேட்ரிக் ஆடம்ஸும் போய்விட, எட்டாவது சீசனுக்குக் கேத்தரின் ஹைகல் வந்து சேர்ந்தார். அந்தச் சீசன் ஓடும்போது இந்தக் கட்டுரையாளரின் வீட்டில் ஒரு வாரத் துணி மடித்து முடிந்தது. திரையைப் பார்க்காததால் கதையில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. சீசன் முடிவில் பலகை இப்படி நின்றது: ஸேன் ஸ்பெக்டர் லிட் வீலர் வில்லியம்ஸ். வரவேற்பில் இருக்கும் பெண் போனை எடுத்து இதைச் சொல்லி முடிப்பதற்குள் கட்சிக்காரர் வேறு வக்கீலைப் பிடித்திருப்பார்.

ஒன்பதாவது சீசனின் வில்லி ஃபே ரிச்சர்ட்சன், நிறுவனத்தைக் கண்காணிக்க வெளியிலிருந்து நியமிக்கப்பட்டவர். அவர் செய்த கொடுமை என்னவென்றால், வக்கீல்கள் விதிப்படி நடக்க வேண்டும் என்றார். அவரைத் துரத்துவதற்கு மொத்த அலுவலகமும் கைகோத்தது. நாமும் அவர்கள் பக்கம்தான் நின்றோம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு ஒரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். 2023இல் அமெரிக்க நெட்ஃபிளிக்ஸில் முதல் எட்டு சீசன்கள் வந்தன. அந்த ஆண்டில் மட்டும் அமெரிக்கர்கள் ‘சூட்ஸ்’ பார்த்த நேரம் 5,770 கோடி நிமிடங்கள் என்றது நீல்சன் நிறுவனம். ஓர் ஆண்டில் எந்த ஸ்ட்ரீமிங் தொடருக்கும் அதற்குமுன் கிடைக்காத எண்ணிக்கை அது. ஒரே ஆள் உட்கார்ந்து பார்த்தால் லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அந்த உற்சாகத்தில் என்பிசி 2025 பிப்ரவரியில் ‘சூட்ஸ் எல்.ஏ.’ என்று ஒரு புதுக்கடை திறந்தது. ஹார்வியையே விருந்தாளியாக வரவழைத்தும் மே மாதமே ரத்து அறிவிப்பு வந்துவிட்டது. பாவம், போகப்போகக் கெட்டுப்போவதற்கு அதற்கு இரண்டாவது சீசனே கிடைக்கவில்லை.