பின்னால் நிற்கும் நிபுணர்

அரக்கோணம் லோக்கலின் பெண்கள் பெட்டியில், திருமுல்லைவாயிலுக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஒரு முழுப் பரிசோதனை முடிந்துவிடும். பரிசோதிப்பவருக்குப் பட்டம் கிடையாது, போர்டு கிடையாது, ஃபீஸும் கிடையாது. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒரு கையில் ஒயர்கூடை, இன்னொரு கையில் முன்னால் நிற்கும் பெண்ணின் பின்னல். அனுமதி கேட்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை. நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுவார்; ரப்பர் பேண்டுக்குக் கீழே விசிறிபோல் பிரிந்து நிற்கும் இழைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்; வெடித்த முனை ஒன்று அகப்பட்டதும் முகத்தில் ஒரு திருப்தி வரும். “ஏம்மா, தலைக்கு எண்ணெயே காட்டறதில்லியா? வைக்கோலாட்டம் கிடக்கு!” அந்தப் பெண் பாதி திரும்பி, “ஐயோ அக்கா, எண்ணெயா? ரெண்டு நாள் தலைக்குக் குளிக்கலேன்னா நெத்தியில வழியுது” என்பாள். (அக்கா என்றுதான் சொல்லவேண்டும். ஆன்ட்டி என்றால் பரிசோதனை கொரட்டூர் வரை நீளும்.) அக்கா நம்பமாட்டார். தடயம் அவர் கையிலேயே இருக்கிறதே! இவர் ஆவடி ரேஷன் கடை வரிசையிலும் உண்டு, பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் உண்டு. வரிசை என்று ஒன்று இருந்து, அதில் நீளமான சடை ஒன்று நின்றால் போதும்.

இவரை அறியாமையின் சின்னமாக நினைத்து ஒதுக்குவது சுலபம். ஆனால் அவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. அந்தப் பெண் சொன்னதும் பொய்யில்லை. தகராறு முழுக்க யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தலைமுடிக்குச் சொந்தக்காரி அதைக் கண்ணாடியில் பார்க்கிறாள். அவளுக்குத் தெரிவது வகிடும் நெற்றியும், அங்கே படிந்திருக்கும் பிசுக்கும். நுனி முதுகுக்குப் பின்னால், அவள் பார்வைக்கு எட்டாத இடத்தில் தொங்குகிறது. பின்னால் நிற்பவருக்கோ வகிடு தெரியாது, நுனி மட்டும்தான் தெரியும். ஆக, ஒருத்தி வேரைப் பார்த்துத் தினமும் ஷாம்பு போடுகிறாள். மற்றவர் நுனியைப் பார்த்து எண்ணெய்க்குச் சீட்டு எழுதுகிறார். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் கூந்தல் மணம் இயற்கையா செயற்கையா என்று சிவனும் நக்கீரரும் மோதிக்கொண்ட கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த இருவருக்கும்கூட, வேரைச் சொல்கிறோமா நுனியைச் சொல்கிறோமா என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

நீண்ட கூந்தலை ஒரே பொருளாக நினைப்பதுதான் அடிப்படைப் பிசகு. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பைத் தொடும் சடையின் நுனிக்கு, அந்தக் கணக்கில் ஐந்தாறு வயது ஆகிவிடுகிறது. அந்த நுனி தலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தபோது இவள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வேரை ஒட்டிய முடியோ அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் முளைத்தது. முடிக்குப் பசை தரும் எண்ணெய்ச் சுரப்பிகள் தலைத்தோலில்தான் இருக்கின்றன, முடியில் இல்லை. அங்கே ஊறும் பசை, பின்னிய சடையின் முடிச்சுகளைத் தாண்டி முழ நீளம் இறங்குவதற்குள் தீர்ந்துவிடும். முடியின் மேல் அடுக்கிலுள்ள செதில்கள் கூரை ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஆறு வருஷம் சீப்பும் துண்டும் உரசிய நுனியில் அவை பெயர்ந்துபோயிருக்கும். இதற்கு மேல் நம் பக்கத்துச் சாலைகள் வேறு. சி.டி.எச். ரோட்டில் ஸ்கூட்டரில் போகிறவளின் உச்சந்தலை ஹெல்மெட்டுக்குள் வியர்வையில் வேகும். அதே தலையின் சடை நுனி வெயிலிலும் லாரிப் புழுதியிலும் பறந்து காயும். ஒரே தலை, இரண்டு சீதோஷ்ணம். ஒரே மருந்தை எப்படி எழுதுவது?

எண்ணெய் என்ற மருந்தில் அக்கா தோற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரெலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் சோதித்து, முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறிப்பிடும்படி குறைப்பது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் என்று வெளியிட்டார்கள். அவர்கள் பாராசூட் எண்ணெய் தயாரிக்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். வேண்டுமானால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறுகள் முடிக்குள்ளேயே இறங்கக்கூடியவை என்ற விளக்கம் நிற்கிறது. கவனிக்க வேண்டியது, அவர்கள் சோதித்தது முடிக்கற்றைகளை, தலைத்தோலை அல்ல. தலைத்தோலில் மலசேசியா என்ற பூஞ்சை குடியிருக்கிறது. அது அங்குள்ள எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது, பொடுகுக்குத் துணைபோவது. ஏற்கெனவே வழியும் உச்சியில் இரண்டு கரண்டி எண்ணெயை ஊற்றித் தேய்ப்பது அதற்குப் பந்தி போடுவதுதான். அக்காவின் மருந்து சரி, தடவச் சொல்லும் இடம்தான் ஒன்றரை முழம் மேலே போய்விட்டது.

இங்கே அவர் பாட்டியைக் கூப்பிடுவார். “எங்க பாட்டி உச்சி குளிரத்தான் எண்ணெய் வெச்சாங்க, முழங்கால் வரைக்கும் முடி!” இது வலுவான ஆட்சேபம், சிரித்துத் தள்ளக்கூடாது. ஆனால் பாட்டி எண்ணெயோடு நிறுத்தவில்லையே. வாரம் ஒன்றோ இரண்டோ முறை சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தார். சீயக்காய் நுரைப்பது குறைவு, சுரண்டுவதும் குறைவு. உச்சியின் பிசுக்கு போனபிறகும் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தங்கியது. எண்ணெயும் சீயக்காயும் ஜோடி. 1983இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்புவும் அதுபோன்ற பாக்கெட்டுகளும் பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கியபின், எண்ணெய் மட்டும் பழைய வீட்டிலேயே இருக்க, ஜோடி மாறிவிட்டது. இப்போது நடப்பதைப் பாருங்கள். அக்கா சொன்னாரே என்று உச்சி முதல் நுனி வரை எண்ணெய். ஆபீஸுக்கு எண்ணெய் வழியப் போக முடியாதே என்று மறுநாள் காலையில் உச்சி முதல் நுனி வரை இரண்டு தடவை ஷாம்பு, போர் தண்ணீரில். உச்சியைவிட நுனிதான் அதிகம் வெளுக்கும். மறுநாள் ரயிலில் அக்காவுக்குப் புதுத் தடயம் கிடைக்கும். தன் வாதத்துக்கான சாட்சியைத் தானே தயாரிக்கும் நிபுணர் வேறெந்தத் துறையிலும் அபூர்வம். தவிர, எல்லாப் பாட்டிக்கும் முழங்கால்வரை முடி என்றால், அந்தக் காலத்தில் சவுரிமுடி யாருக்கு விற்றார்கள்?

“எண்ணெய் வெச்சாத்தாம்மா வேருக்குச் சத்து, இல்லேன்னா கொட்டிடும்” என்பது அடுத்த ஆட்சேபம். வேருக்குச் சத்து வருவது ரத்தத்திலிருந்து. தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது. அதற்கு மேலே பூசுவது பாதுகாப்பாகலாம், சாப்பாடாகாது. ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது யாருக்கும் இயல்பு. கிராப்புத் தலையில் அது கண்ணுக்கே படாது. இடுப்பளவு முடியில் குளியலறை ஜல்லடையை அடைத்துக்கொண்டு குடும்பத்தையே கூட்டிவிடும். முடி கெடுவதற்குத் தண்ணீர் மீதும் பழி போடுவார் அக்கா; அதில் அவர் பக்கம் பாதி நியாயம் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் பிசுபிசுவென்று ஒரு கசடு படிந்து, முடி சிக்கு விழும். கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணீராக இருந்தால் நல்லது. மே மாதத்தில் அதைக் கேட்டு வாங்கும் துணிச்சல் மாமியார் வீட்டில் எத்தனை பேருக்கு உண்டு என்பது வேறு விஷயம்.

வழி ஒன்றும் மந்திரமில்லை. குளிப்பதற்கு முன் காதுக்குக் கீழே மட்டும் எண்ணெய். ஷாம்புவோ சீயக்காயோ உச்சிக்கு மட்டும், வழிந்து இறங்கும் நுரையே நுனிக்குப் போதும். கண்டிஷனர் போட்டால் அதுவும் காதுக்குக் கீழேதான். இதை வீட்டில் மருமகள் சொன்னால் அக்கா ஏற்கமாட்டார். ஏதாவது தைலத்தின் லேபிளில் அச்சிட்டிருந்தால் யோசிப்பார். அவரும் மருமகளும் சேர்ந்து தடுமாறுவது கத்தரியில்தான். வெட்டுவதால் முடி வேகமாக வளராது, வளர்ச்சி வேரில் நடப்பது. ஆனால் வெடித்த நுனியை விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறும். இரண்டு இன்ச் போனால்தான் மிச்சம் நிற்கும். செவ்வாய், வெள்ளி வெட்டக்கூடாது என்பார் அக்கா. அமாவாசை, கிருத்திகை, ஜென்ம நட்சத்திரம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பார்லரில் உட்கார இடமில்லை. மீதியுள்ள நாட்களில் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது ஷிப்ட்.