நர்சிங் சார்ஜ் தனி

வேலைக்குச் சேர்ந்து இன்னும் மூன்று மாதம் முடியவில்லை, அதற்குள் இருப்பதா போவதா என்று யோசிக்கிறாயாம், தங்கச்சி. யோசிக்கிற அளவுக்கு உனக்கு ஓய்வு எப்படிக் கிடைத்தது என்று நர்சிங் சூப்பிரண்டு விசாரணை வைத்தாலும் வைப்பார். அதற்குள் நான் ஒன்று கேட்கிறேன். போவதென்றால் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவாய்? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரைக்கும் எச்.ஆர். அலமாரியில் அல்லவா கிடக்கிறது? "பத்திரமா இருக்கட்டும்மா, உங்க நல்லதுக்குத்தான்" என்று சிரித்த முகத்தோடு வாங்கி வைத்தார்களே! அடகுக் கடைக்காரன்கூட நகையை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிறான். இங்கே நகையும் உன்னுடையது, வட்டியும் உன்னுடையது, கடன் மட்டும் நீ வாங்கவே இல்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அர்ப்பணிப்பே இல்ல, ரெண்டு வருஷம் நிக்க மாட்டேங்குதுங்க" என்று நிர்வாக இயக்குநர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் கண் கலங்குவார். நம்பிவிடாதே. நீ நிஜமாகவே நின்றுவிட்டால் அவருக்குத்தான் காய்ச்சல் வரும். நின்றால் சம்பளம் ஏற்ற வேண்டும். ஐந்து வருஷம் நின்றால் பணிக்கொடை தர வேண்டும். அதைவிட ஆபத்து, உனக்கு வேலை தெரிந்துவிடும். "இந்த டோஸ் சரியா சார்?" என்று நீ கேட்கத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் எதிர்க் கட்டிடத்திலேயே அவர் ஒரு நர்சிங் கல்லூரியும் நடத்துகிறார். அங்கே படிக்கிறவர்கள் பயிற்சி என்ற பெயரில் இங்கே வார்டு பார்ப்பார்கள், அதற்கு ஃபீஸும் அவர்களே கட்டுவார்கள். பணம் கொடுத்து வேலை செய்கிற தொழிலாளியை எந்தப் பொருளாதார மேதையும் இதற்கு முன் கண்டுபிடித்ததில்லை.

ஆக, நீ முதல் வருஷமே போகக் கூடாது, மூன்றாம் வருஷம் இருக்கக் கூடாது. அந்த முதல் இரண்டு வருஷத்துக்குப் பெயர்தான் பாண்டு. வளைகுடாவில் பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு வருஷ அனுபவச் சான்று கேட்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது பில்லுக்கு வருவோம். டிஸ்சார்ஜ் அன்று நோயாளியின் மகன் கையில் திணிக்கிற தாளில் அறை வாடகை, டாக்டர் ஃபீஸ், மருந்து எல்லாம் போக, "நர்சிங் சார்ஜ்" என்று ஒரு வரி உண்டு. கவனித்திருக்கிறாயா? அது உன் பெயரில் வாங்குகிற பணம். ஒரு கட்டிலுக்கு நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து கட்டில் வார்டுக்கு மாதம் 1,80,000 ரூபாய். ஷிஃப்டுக்கு ஒருத்தியாகவும், வார விடுப்புக்கு மாற்று ஒருத்தியாகவும் நான்கு பேர் என்று வை. தலைக்கு 12,000 கொடுத்தால் 48,000. மீதி 1,32,000 ரூபாய் எந்த நோயாளிக்கு ட்ரிப்ஸ் மாற்றியது, எந்தக் கிழவருக்கு முதுகு துடைத்தது என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

அந்தப் பதினைந்து கட்டிலுக்கு ஒருத்தி என்பதே எங்கிருந்து வந்தது? இந்திய நர்சிங் கவுன்சில் விதி வேறு சொல்கிறது. கற்பிக்கிற மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் 5 பேருக்கு ஒருத்தி, தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருத்தி. இந்த விதி ஆஸ்பத்திரிகளில் அமலில் இருக்கும் நாட்களும் உண்டு. ஆய்வுக்குழு வருகிற அன்று பார், எதிர்க் கட்டிடம் காலியாகி, வார்டெல்லாம் புத்தம் புது யூனிஃபார்ம்!

சம்பளத்துக்கும் ஒரு பரிந்துரை இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 கட்டிலுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்சுக்கு இணையாகத் தர வேண்டும். 50 கட்டிலுக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்து நர்சுகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு 2017-ல் தெருவுக்கு வந்தார்கள். 2018-ல் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பை வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். நாம்? நாம் பண்பாடு மிக்கவர்கள். பரிந்துரையைப் பூப்போலக் கோப்பில் வைத்தோம்.

தனியாரை மட்டும் திட்டுவானேன்? 2015-ல் தேர்வு வைத்து, தேறியவர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுத்தது நம் தமிழக அரசு. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருஷம் ஆனது. 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்ததுதான் மிச்சம். 2020-ல் கொரோனா வந்தது. கை தட்டினோம். ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரி மொட்டை மாடிகளில் பூத்தூவினோம். அந்தச் சமயத்தில் அவசரமாக எடுத்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஓடு போகலாம் என்று சொல்லிவிட்டோம். இதே அரசுதான் தன் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலம் நர்சுகளை வெளிநாட்டுக்கும் அனுப்பி வைக்கிறது. சொந்த ஊரில் கொடுக்க மனமில்லாத சம்பளத்தை அடுத்த நாட்டான் கொடுக்கட்டும் என்ற பெருந்தன்மை!

சேவை, சேவை என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம். சர்ஜன் சேவை செய்வதில்லை, அவருக்கு ஃபீஸ். லேப்காரர் சேவை செய்வதில்லை, அவருக்கு ரேட். சேவை என்பது 12,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் வழங்கப்படும் பட்டம். மே 12, செவிலியர் தினம் வந்தால் வரவேற்பறையில் கேக் வெட்டி, நைட்டிங்கேல் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்த அம்மாள் விளக்கோடு நின்றுவிடவில்லை. எத்தனை சிப்பாய் எதனால் செத்தான் என்று கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, அதிகாரிகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இன்றைக்கு நம் ஊர் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு தாளை நீட்டினால் மறுநாளே மெமோ.

இதெல்லாம் கேலிக்கு உதவும். கேலிக்கு அடங்காதது ஒன்று உண்டு. விடியற்காலை நான்கு மணி, ஒன்பதாவது கட்டிலில் மூச்சுத் திணறல், இரண்டாவது கட்டிலில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, பதினான்காவது கட்டில்காரரின் மைத்துனர் "ஏம்மா, ஏசி ஓடலையே, காசு வாங்கலையா?" என்று கத்துகிறார். நீ ஒருத்தி. ஒரு ஊசி மாறிப் போகிறது, ஒரு உயிர் போகிறது. மறுநாள் தினசரியில் தலைப்பு: "செவிலியர் அலட்சியம்." ஐந்து பேரைப் பார்க்க வேண்டியவளிடம் பதினைந்து பேரை ஒப்படைத்துவிட்டு, அந்த நேரத்தில் வீட்டில் குறட்டை விட்டவரின் அலட்சியத்துக்குத் தலைப்பு கிடையாது. ரோஸ்டரில் அவர் கையெழுத்து இருக்கிறது. சஸ்பென்ஷன் ஆர்டரிலும் அவர் கையெழுத்துத்தான். அந்த நோயாளியைக் கொன்றது எந்தக் கை என்று நம் போலீஸ்காரர்கள் ஒரு தடவையாவது அந்த ரோஸ்டரைப் புரட்டிப் பார்த்திருப்பார்களா?

அதனால், இருப்பதா போவதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள். முதலில் சான்றிதழ்களைக் கேள். சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. வாயால் கேட்காதே, "பார்க்கலாம்மா" என்பார்கள். எழுதிக் கேள், நகல் வைத்துக்கொள், பதிவுத் தபாலில் அனுப்பு. தர முடியாது என்றால், அதையும் லெட்டர்பேடில் எழுதி முத்திரை வைத்துக் கொடுக்கச் சொல். கொடுக்க மாட்டார்கள். அலமாரிக்குப் பூட்டுப் போட்டவர்களுக்குச் சட்டம் உன்னைவிட நன்றாகத் தெரியும்.