கமரா மாமா

சாவகச்சேரிப் பக்கம் எந்தக் கொண்டாட்ட வீட்டுக்குப் போனாலும் ஒரு கமரா மாமாவைச் சந்திக்காமல் திரும்ப முடியாது. நுணாவிலுக்கு ஒருவர், மட்டுவிலுக்கு ஒருவர், மீசாலைக்கு ஒருவர் என்று இருக்கிறார்கள். வயது அறுபத்தைந்துக்கு மேல். கையில் கமரா இராது. பெடியன் ஒருவன் போனை உயர்த்தினால் போதும், பின்னால் வந்து நின்றுவிடுவார்.

"தம்பி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லும்."

"இது தானே வெளிச்சம் பார்க்கும், மாமா."

"அப்ப நீர் என்னத்துக்கு நிக்கிறீர்?"

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதற்கும் மத்திய கிழக்குக்கு ஆட்கள் வேலைக்குப் பறக்கத் தொடங்கியதற்கும் பிறகு உருவான இனம் இது. சவூதியிலிருந்து வந்த மச்சானின் பெட்டியில் சென்ற் போத்தல்களுக்கும் கசெற் றேடியோவுக்கும் அடியில் கிடந்தது ஒரு பென்ராக்ஸ் கே 1000. அந்த மொடலை 1976 முதல் 1997 வரை செய்தார்கள்; பிற்காலத்தில் ஹொங்கொங்கிலும் சீனாவிலும்கூட. மாமாவினுடையது நெற்றியில் 'அசாகி' என்று பொறித்த பழைய யப்பான் சாமான். அந்த எழுத்தை விரலால் தடவிக் காட்டாமல் அவர் வீட்டில் யாருக்கும் தேத்தண்ணி வந்ததில்லை.

கமரா இப்போதும் இரும்பு அலுமாரியில், மாமியின் கூறைச்சீலைக்கு மேல்தட்டில் இருக்கிறது. லென்சுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஆனாலும் மூடி போட்டபடியே இருக்கும். வெளிச்சம் பார்க்கிற மீற்றருக்கு அந்தக் கமராவில் சுவிச் கிடையாது; லென்சை மூடி வைத்தால்தான் பற்றரி மிஞ்சும். "மூடி! மூடி!" என்று நாற்பது வருடமாகக் கத்திப் பழகியவர், குசினியில் கறிச்சட்டி திறந்திருந்தாலும் அதே குரலில் கத்துகிறார் என்பது மாமியின் முறைப்பாடு.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தது. தடுத்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. ஊர்ச்சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது. மாமாவுக்கு அதுதான் பொற்காலம். கே 1000க்குப் பற்றரி மீற்றர் ஊசியை ஆட்ட மட்டுந்தான். மற்றதெல்லாம் ஸ்பிரிங்கும் பற்சக்கரமும். "ஊசி எனக்கென்னத்துக்கு? நூறு பிலிம், சித்திரை வெயில். பதினாறிலை வை, நூற்றியிருபத்தைஞ்சிலை தட்டு!" அந்த நாளில் பிலிம் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. மாங்காய் விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவார்.

2000இல் சாவகச்சேரியில் சண்டை மூண்டு ஊரே வெளிக்கிட்டபோது மாமா கமராவைத் தோளில் கொளுவிக்கொண்டு ஓடினார். காணி உறுதி அலுமாரியிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அதை வைத்திருந்த அறையும் இல்லை. "உறுதியை ஒரு படமாவது எடுத்து வைச்சியளோ?" என்று மாமி இன்றைக்கும் கேட்கிறாள்.

ஆனால் மாமா ஏங்குவது கமராவுக்காக இல்லை, அந்த முப்பத்தாறுக்காக. ஒரு றோலில் 36 படம். சாமத்திய வீட்டுக்கு வந்தவர்களோ முந்நூறு பேர். யார் நிற்பது, யார் விலகுவது என்று தீர்மானித்தவர் அவர். காணிச் சண்டையில் கதை பேச்சில்லாத சித்தப்பாவைக்கூட, "நீங்களும் வந்து நில்லுங்கோ" என்ற ஒரு சொல்லால் தமையனுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். இன்றைக்குப் போன் வைத்திருக்கும் பெடியன் முந்நூறு பேரையும் முந்நூறு தரம் எடுப்பான். அவனுக்காக ஒருவரும் தலை இழுப்பதில்லை.

மீசாலை மாமாவுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1989இல் ஒரு சாமத்திய வீடு. ஆரத்தி முடிந்து, மாமன்மார் வரிசை முடிந்து, றோலும் முடியவேண்டிய நேரம். முப்பத்தாறோடு இழுக்கிற பிடி இறுகவேண்டும். நாற்பதாவது படத்துக்கும் சுகமாய் ஓடியது. மாமாவுக்கு வியர்த்தது. பிலிம் உள்ளே சுருளில் கொளுவவே இல்லை. நாள் முழுக்க அது அசையாமல் இருந்திருக்கிறது. அவர் முகம் மாறாமல் இன்னும் நாலு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார்.

"படம் எப்ப வரும்?" என்று பெட்டையின் தாய் கேட்டாள். "கலர் எல்லே, கொழும்புக்குக் கழுவக் குடுத்திருக்கு."

1990இல் கொழும்புக்கு ஓடிய யாழ்தேவி ரயில் நின்றது. மாமா பிழைத்தார். 2002இல் ஏ9 பாதை திறந்த கிழமையே தாய் வந்து படலையில் நின்றாள். "கடைக்காரன் இடம் மாறிட்டான், விசாரிக்கிறன்." 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டியபோது ஊரே தலையில் கைவைத்தது, ஒருவர் மட்டும் மூச்சு விட்டார்.

யாழ்தேவி திரும்பி வந்த 2014க்குப் பிறகு, அந்தப் பெட்டை ரொறன்ரோவிலிருந்து தன் மகளின் சாமத்திய வீட்டை ஊரிலேயே செய்ய வந்தாள். தலைக்கு மேலே ட்ரோன் இரைந்தது. நாலாயிரம் படம். இரவே கணினியில் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் குறை: ஒருத்திக்கு மூக்குப் பெரிது, ஒருத்திக்கு வயிறு, பெரியப்பாவுக்குக் கண் மூடியிருக்கிறது.

"என்ன இருந்தாலும் மாமா எடுத்த படம் மாதிரி வராது," என்றாள் அவள். "அந்தச் சிவப்புச் சீலையிலை நான் என்ன வடிவாய் இருந்தன்!"

பார்த்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த றோலில் மட்டும் ஒருவரும் கண் மூடவில்லை.